நனைதலும் உலர்தலும்

விதைத் தானியம் பற்றிய ஒரு சரித்திர ஆராய்ச்சி

சரித்திரம் என்றவுடன் நம்மவரின் மனம் அரசர்களின் முடிசூட்டு விழாக்களையும் படையெடுப்புகளையும் நாடிச் செல்கின்றது. எந்த மன்னன் எந்த ஆண்டில் எந்தக் கோட்டையைப் பிடித்தான் என்று சொல்லத் தெரிந்தவர் பலர். அக்கோட்டைக்குள் இருந்தவரும் அதை முற்றுகையிட்டு வெளியே நின்றவரும் எதை உண்டனர், அது விளைவதற்கு உழவன் என்ன செய்தான், அவன் செய்ததில் எது பலித்தது, எது பொய்த்தது என்று கேட்பவர் மிகச் சிலர். அரசன் ஒருவன் தோற்றால் மற்றொருவன் வருவான். விதை தோற்றால் ஒரு வருஷத்துச் சோறு தோற்றுப் போகும். ஆதலின் இவ்வாரம் மன்னர்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு தானிய மணியின் சரித்திரத்தை வாசக அன்பர்கள் முன் வைக்கத் துணிகின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட கேள்வி மிக எளியது. விதைத் தானியம் நீரில் நனைந்து, முளைக்கத் தொடங்கி, பிறகு உலர்ந்து போனால் அதன் கதி யாது? பிழைக்குமா, மடியுமா? இக்கேள்விக்கு விடை தேடி மனிதர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டிருக்கின்றனர். அவ்விடையைச் சரியாக அறிந்தவர் பயன் பெற்றனர்; அறியாமலே அறிந்ததாகச் சொன்னவரால் ஒரு தேசமே அல்லலுற்றது.

விதையின் இயல்பு

களஞ்சியத்தில் இருக்கும் நெல்லிலோ கோதுமையிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கே ஈரம் உண்டு. அந்நிலையில் உள்ளிருக்கும் உயிர் உறங்குகின்றது. அதனை நீரில் இட்டால் முதற் சில மணி நேரத்தில் வேகமாக நீரை உறிஞ்சி உப்புகின்றது. இந்த உப்புதலுக்கு உயிர் வேண்டுவதில்லை. செத்த விதையும் இவ்வாறே உப்பும். இதன் வலிமையைக் காட்ட ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1727-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு பரிசோதனையைக் கூறுகின்றார். இரும்புப் பானையில் பட்டாணியை நிரப்பி, நீர் ஊற்றி, மூடியின்மேல் பாரத்தை ஏற்றினார். ஊறி உப்பிய பட்டாணி 184 ராத்தல் பாரத்தையும் மேலே தூக்கிவிட்டது.

அதன்பின் விதை சற்று அமைதி கொள்கின்றது. நீர் உறிஞ்சுதல் ஏறக்குறைய நின்றுவிடும். புறத்தே பார்ப்பவனுக்கு ஒன்றும் நடவாதது போலத் தோன்றும். அகத்தே பெரும் வேலை நடக்கின்றது. உலர்ந்து கிடந்த காலத்தில் சிதைந்த பகுதிகள் செப்பனிடப்படுகின்றன. மாவுப் பொருளைச் சர்க்கரையாக்கும் நொதிகள் ஆயத்தமாகின்றன. இந்த வேலை முடிந்த பின்னரே விதை மீண்டும் நீரை உறிஞ்சி, உறை கிழிந்து, வேர் வெளியே வருகின்றது.

இம்மூன்று நிலைகளுள் இரண்டாவது நிலை முடியும் வரையில் விதையைத் திரும்ப உலர்த்தலாம். அது சாவதில்லை. பழையபடி உறங்கப் போய்விடும்; மறுபடியும் நீர் கிடைத்தால், முன்பு செய்த வேலை வீணாகாமல், முன்னிலும் விரைவாக எழும். வேர் வெளிப்பட்டுவிட்ட பின்னரோ கதை வேறு. உலர்ச்சியைப் பொறுக்கும் ஆற்றல் விதையை விட்டு அகன்றுகொண்டே இருக்கும். தானிய வகைகளில் இது ஒரே கணத்தில் நிகழ்வதில்லை. கோதுமையின் இளமுளை காய்ந்தால் முதலில் மடிவது வேரே. குருத்து சின்னஞ்சிறியதாக இருக்கும் வரையில், மீண்டும் ஈரம் கண்டால் அதன் அடியிலிருந்து புதிய வேர் பிறந்து பயிர் தப்பிக்கும். குருத்து வளர்ந்து உள்ளிலை தலைகாட்டிய பின் உலர்ந்தால் தப்புவது அரிது. கோதுமை முளைகளில் இவ்வாற்றல் எவ்வாறு குறைந்து செல்கின்றது என்பதை மில்தார்ப் என்னும் அறிஞர் 1950-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஆராய்ந்திருக்கின்றார்.

எல்லா விதைகளும் இவ்வாறானவையா எனின், அல்ல. தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கும், பால்மரத்தோடு பழகிய குடும்பங்களுக்கும் இதற்கு நல்ல உதாரணம் கைவசம் உண்டு. பால்மர விதை உலர்த்தலைப் பொறுக்காது. ஈரம் வற்றினால் உயிரும் வற்றிவிடும். 1876-ம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் பிரேஸில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 பால்மர விதைகளை லண்டனையடுத்த கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். விரைந்து விதைத்தும், நூற்றுக்கு நான்குக்கு மிகாமலே முளைத்தன. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மலாயாவின் பால்மரத் தோட்டங்களுக்கும், அவற்றை நாடிக் கப்பலேறிய நம் முன்னோரின் வாழ்வுக்கும் அந்தச் சில கன்றுகளே தொடக்கம். நெல்லைப்போல் பால்மர விதையும் மூட்டையில் கட்டி மாதக்கணக்கில் வைக்கத் தக்கதாயிருந்திருப்பின், இக்கதை எவ்வளவோ எளிதாக முடிந்திருக்கும். உலர்த்தத் தக்க விதை, உலர்த்தத் தகாத விதை என்னும் இவ்விரு பிரிவுகளுக்கு ராபர்ட்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1973-ம் ஆண்டில் தனித்தனிப் பெயர் சூட்டினார்.

பண்டையோர் அறிந்தது

விதையை ஊறவைத்து விதைக்கும் வழக்கம் மிகப் பழமையானது. கிரேக்க நாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோபிராஸ்டஸ், வெள்ளரி விதையைப் பாலிலோ நீரிலோ ஊறவைத்தால் விரைவில் முளைக்கும் என்று எழுதினார். ரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, தேன் கலந்த நீரைச் சொன்னார். 1600-ம் ஆண்டில் வேளாண்மை பற்றிப் பெருநூல் வெளியிட்ட பிரெஞ்சுக்காரராகிய ஒலிவியே தெ செர், தானிய விதையை எரு கரைத்த நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பிறகு விதைக்கும் முறையைக் கூறினார். நனைப்பதோடு நில்லாமல் உலர்த்துவதையும் அவர் சேர்த்துச் சொன்னது கவனிக்கத்தக்கது.

நம் நாட்டு உழவர் இதில் எவருக்கும் பின்வாங்கியவர் அல்லர். நெல்லை ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கிலோ வைக்கோலிலோ மூடி முளைகட்டிச் சேற்றில் விதைக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு. மலாய் உழவரிடத்தும் உண்டு. ஓர் இரவு ஊறிய நெல்லை எப்பொழுது வடிப்பது, எத்துணை நேரம் மூடி வைப்பது, முளை எவ்வளவு நீண்டால் விதைக்கலாம் என்பவற்றை அவர்கள் புத்தகம் பாராமலே அறிந்திருந்தனர். முளை மிக நீண்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வீசும்போது ஒடியும் என்பதும் அவர்கள் அனுபவம்.

பழையோர் சொன்னதெல்லாம் உண்மை என்று இதனால் முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அவர்கள் ஊறவைத்தது நற்பலன் தந்தது. அப்பலன் பாலால் வந்ததா, தேனால் வந்ததா, வெறும் நீரால் வந்ததா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. செய்கை சரியாயிருந்தும் காரணம் தவறாயிருக்கலாம் என்பதற்கு அடுத்த வரலாறே சான்று.

மூழ்கிய கப்பலும் கரிப்பூட்டை நோயும்

ஜெத்ரோ டல் என்ற ஆங்கில வேளாண் ஆசிரியர், 1730-களில் வெளியான தம் நூலில் ஒரு செய்தி கூறுகின்றார். அவர் காலத்திற்குச் சுமார் 70 ஆண்டுகளுக்கு முன், பிரிஸ்டல் துறைமுகத்தை அடுத்துக் கோதுமை ஏற்றி வந்த கப்பல் ஒன்று மூழ்கியது. வெளியே எடுக்கப்பட்ட கோதுமை கடல் நீரில் ஊறிப்போயிருந்ததால் ரொட்டிக்கு உதவவில்லை. முளைக்கும் தன்மை கெடவில்லை என்று கண்டு சிலர் அதனை விதைத்தனர். அவ்வாண்டு இங்கிலாந்தெங்கும் கோதுமைக் கதிர்கள் கரிப்பூட்டை நோயால் கருத்துப் போயின. கடல் நீரில் நனைந்த கோதுமையின் பயிர் மட்டும் அந்நோயின்றி விளைந்தது. அது முதல் விதைக் கோதுமையை உப்புநீரில் நனைத்து, சுண்ணாம்புப் பொடி தூவி உலர்த்தி விதைப்பது வழக்கமாயிற்று.

அவர்களில் எவருக்கும் உண்மைக் காரணம் தெரியாது. பிரெஞ்சு நாட்டில் நாணயசாலை அதிகாரியாயிருந்த தில்லே என்பவர் இதனைச் சோதிக்க முற்பட்டார். நிலத்தைப் பல பாத்திகளாக வகுத்தார். சில பாத்திகளில் கரித்தூள் தடவிய விதை, சிலவற்றில் தூய விதை, சிலவற்றில் உப்பும் சுண்ணாம்பும் இட்ட விதை எனப் பிரித்து விதைத்து, ஒவ்வொன்றின் விளைவையும் எண்ணிக் குறித்தார். நோய்க்குக் காரணம் பனியோ மூடுபனியோ அன்று, விதையில் ஒட்டியிருக்கும் அந்தக் கரித்தூளே என்று 1755-ம் ஆண்டில் நிலைநாட்டினார். அத்தூள் ஒரு காளானின் நுண்விதை என்று 1807-ம் ஆண்டில் பிரெவோ என்பவர் கண்டார். செம்பின் உப்பு அதனைத் தடுக்கும் என்றும் அறிந்தார். மருந்து நீரில் நனைத்து உலர்த்தி விதைக்கும் முறைக்கு அன்றே அடிகோலப்பட்டது.

ஓர் உத்தியோகஸ்தர் தம் ஓய்வு நேரத்தில் பாத்தி கட்டிச் சோதித்தது, பெரிய பண்டிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்துத் தீராத விஷயத்தைத் தீர்த்துவிட்டது. கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மைப் போன்றோர்க்கு இது ஊக்கமளிக்கும் செய்தி அன்றோ?

முளைத்த தானியமும் வரிக்காரரும்

முளைக்கும் தானியத்தை வேண்டுமென்றே உலர்த்துவது மற்றொரு தொழிலிலும் உண்டு. அதுவே மால்ட் செய்யும் தொழில். வாற்கோதுமையை நனைத்து, நூற்றுக்கு 45 பங்கு வரையில் ஈரம் ஏறச் செய்து, சில நாட்கள் தரையில் பரப்பி முளைக்க விடுவர். உள்ளே நொதிகள் பெருகிய தறுவாயில் சூளையிலிட்டு, ஈரம் நூற்றுக்கு ஐந்துக்கும் குறையுமாறு உலர்த்துவர். முளை சாகும், நொதி சாகாது. ஆனால் ஈரமாயிருக்கும்போதே கடுஞ்சூடு காட்டினால் நொதியும் கெட்டுவிடும். ஆகவே முதலில் மிதமான சூட்டில் ஈரத்தைப் போக்கி, பிறகே சூட்டை ஏற்றுவர். இந்த நொதியை மால்ட்டிலிருந்து முதன்முதல் பிரித்தெடுத்தவர்கள் பிரெஞ்சு நாட்டுப் பாயனும் பெர்ஸோவும் ஆவர். அது 1833-ம் ஆண்டில் நிகழ்ந்தது.

இங்கிலாந்தில் 1697 முதல் 1880 வரையில் மால்ட்டுக்கு வரி இருந்தது. தானியம் ஊறும் தொட்டியிலேயே வரி அதிகாரி அளவெடுப்பார். ஒருமுறை ஊறி வெளிவந்த தானியத்திற்கு மீண்டும் நீர் தெளித்தால் அது மேலும் உப்பி, அதிகாரியின் கணக்குக் குழம்பும் என்று, நாட்கணக்கில் நீர் தெளிக்கவே சட்டம் தடை செய்திருந்தது. தானியம் வாடினாலும் தொழிலாளி கை கட்டி நிற்க வேண்டும். விதையின் தேவை ஒன்று, சர்க்காரின் தேவை மற்றொன்று. இவ்விரண்டும் மோதும்போது சட்டம் எப்பக்கம் நின்றது என்று சொல்ல வேண்டுவதில்லை. அவ்வரி நீங்கிய பிறகே அந்தத் தொழிலாளர் தானியத்தைப் பார்த்து நீர் விடும் சுதந்திரம் பெற்றனர்.

மால்ட் என்றவுடன் மதுபானத்தை நினைத்து நம் வாசகர் முகம் சுளிக்கலாம். கள்ளுக்கடை நம் மக்களைப் படுத்திய பாடு நாம் அறியாததன்று. ஆயினும் குற்றம் தானியத்தினுடையதன்று. அதே முளைக்கும் ஆற்றல் குழந்தையின் உயிரையும் காக்கும். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்த மாவைச் சிறிதளவு கெட்டியான கஞ்சியில் கலந்தால், அக்கஞ்சி இளகிவிடும். நீரை ஊற்றி இளக்கினால் சத்துக் குறையும். முளைமாவால் இளக்கினால் சத்துக் குறையாமலே குழந்தை விழுங்கத் தக்கதாகும். இதனைப் பரோடா சர்வகலாசாலையில் தாரா கோபால்தாஸ் அம்மையார் 1980-களில் விரிவாக ஆராய்ந்து எடுத்துரைத்தார். நம் பாட்டிமார் செய்துவந்த வேலைக்கு ஆராய்ச்சி அளித்த நற்சாட்சி அது.

இதே விஷயம் உழவனுக்குக் கேடாக முடிவதும் உண்டு. முற்றிய கோதுமைக் கதிர் அறுவடைக்குமுன் மழையில் நனைந்தால், கதிரிலேயே மணி முளைக்கத் தொடங்கும். பின்பு வெயில் அடித்து உலர்ந்துவிட்டால் கண்ணுக்கு நல்ல மணி போலவே தோன்றலாம். ஆனால் உள்ளே நொதி பெருகிவிட்டது. அம்மாவில் சுட்ட ரொட்டி பிசுபிசுக்கும். இதனைக் கண்டுபிடிக்க, சுவீடன் நாட்டு ஹாக்பெர்க் 1960-ஐ ஒட்டி ஒரு சோதனை வகுத்தார். மாவுக் கூழைச் சூடாக்கி, அதில் ஒரு தண்டை இறங்கவிட்டு, அது அடி சேரும் நேரத்தைக் கணக்கிடுவர். நல்ல மாவில் 300 வினாடிக்கு மேல் செல்லும். முளைத்த மாவு நீர்த்துப்போவதால் மிக விரைவில் இறங்கிவிடும். ஒரே ஒரு மழை, விளைந்த கோதுமையை மாட்டுத் தீவன விலைக்கு இறக்கிவிட வல்லது.

ருஷிய நாட்டின் துயரம்

இனி நம் சரித்திரத்தின் மிகக் கசப்பான பகுதிக்கு வருகின்றோம்.

குளிர் நாடுகளில் கோதுமை இருவகைப்படும். ஒன்று இலையுதிர் காலத்தில் விதைத்து, பனிக்காலத்தைக் கழித்து, அடுத்த கோடையில் அறுப்பது. மற்றொன்று வசந்தத்தில் விதைத்து அவ்வாண்டே அறுப்பது. முதல்வகை விதையை வசந்தத்தில் விதைத்தால் இலை விடுமேயன்றிக் கதிர் விடாது. அதற்குக் குளிர் வேண்டும். முளைக்கத் தொடங்கிய ஈர விதைக்கே அக்குளிரை ஊட்டிவிட்டால், வசந்தத்தில் விதைத்தாலும் கதிர் விடும் என்று 1918-ம் ஆண்டில் ஜெர்மானியராகிய காஸ்னர் விளக்கினார். இது உண்மையான கண்டுபிடிப்பு. ஆனால் குளிரூட்டிய விதையைப் பின்னர் 35 பாகை அளவான வெப்பத்தில் சில நாள் வைத்தால், பெற்ற பயன் அழியும் என்றும் லண்டனில் கிரெகரி என்பவரும் பர்விஸ் அம்மையாரும் பிறகு கண்டறிந்தனர். ஈரம், குளிர், வெப்பம், காலம் என்ற நான்கும் கூடித்தான் விதையின் வாழ்வை நடத்துகின்றன.

1928, 1929 ஆகிய ஆண்டுகளின் குளிர்காலங்களில் உக்ரேன் பகுதியில் விதைத்த கோதுமை பனியில் பெருமளவு மடிந்தது. அத்தருணத்தில் டிரோபிம் லைசென்கோ என்ற இளைஞர் முன்வந்தார். ஈரவிதையைக் குளிரில் வைத்து வசந்தத்தில் விதைத்தால் விளைச்சல் பெருகும் என்றார். அவருடைய தந்தையார் விதையை நனைத்துப் பனியில் புதைத்து வைத்து விதைத்த கோதுமை கதிர் விட்டது என்று பத்திரிகைகள் முழங்கின. ஒரு சிறு நிலத்தின் ஓராண்டு விளைவு, ஒரு தேசத்தின் கொள்கையாயிற்று.

கூட்டுப்பண்ணைகளுக்குக் கட்டளை பறந்தது. கொட்டகைகளில் தானியத்தைக் குவித்து, நீர் தெளித்து, வாரக்கணக்கில் மண்வெட்டியால் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஈரம் குறைந்தால் பயனில்லை. ஈரம் மிகுந்தால் முளை நீண்டு விதைக்கும் இயந்திரத்தில் ஒடியும். குவியல் சூடேறினால் பூஞ்சை பிடித்து அழுகும். இவ்வளவு நுட்பமான வேலையைப் போதிய கருவியின்றி, குளிர்ந்த கொட்டகையில், ஓய்ந்த உடலோடு மக்கள் செய்யவேண்டியிருந்தது. 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் உக்ரேனில் பட்டினியால் மாண்டவர் பல லட்சம். அப்பஞ்சம் லைசென்கோவின் முறையால் வந்ததன்று. தானியத்தைப் பறித்த ஆட்சியால் வந்தது. ஆனால் பட்டினி கிடந்த நாட்டில் ஒவ்வொரு மூட்டை விதையும் எத்துணை அருமை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பலன் யாது? பண்ணைகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி விடை வாங்கினர். நனைக்காத விதையை அருகிலேயே விதைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறை கைக்கொள்ளப்படவில்லை. விளைச்சல் பெருகவில்லை என்று எழுதும் பண்ணை அதிகாரிக்கு நேரக்கூடிய கதி யாவரும் அறிந்ததே. ஆதலால் வந்த விடைகளெல்லாம் வெற்றி முழக்கங்களாயின. 1935-ம் ஆண்டில் கிரெம்ளின் மாளிகையில் லைசென்கோ தம்மை எதிர்க்கும் அறிஞர்களை வர்க்க விரோதிகளோடு சேர்த்துப் பேசியபோது, ஸ்டாலினே சபையில் குரல் எழுப்பிப் பாராட்டினார். சோதனைச் சாலையில் தீரவேண்டிய விவகாரம் போலீஸாரின் கையில் சென்றது.

உலகெங்கும் சுற்றி விதை சேகரித்த பேரறிஞர் நிகோலாய் வவிலோவ் 1940-ம் ஆண்டு ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். 1943 ஜனவரியில் சராதோவ் சிறையில் மாண்டார். அவர் லெனின்கிராட் நகரில் திரட்டி வைத்த விதைக் களஞ்சியத்தை, ஜெர்மன் படை அந்நகரை முற்றுகையிட்டிருந்த காலத்தில், அவருடைய தோழர்கள் காத்தனர். எலியிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் உறைபனியிடமிருந்தும் காத்தனர். தங்கள் பசியிடமிருந்தும் காத்தனர். நெல் வகைகளைக் காத்துவந்த இவானோவ் என்பவர் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களின் நடுவே பட்டினியால் உயிர் நீத்தார். ஒரு பிடி அரிசியைப் பொங்கி உண்டிருந்தால் அவரைக் குறை கூறுபவர் எவர்? அவர் உண்ணவில்லை. அது நாளைய மக்களின் விதை என்று எண்ணினார்.

லைசென்கோவின் ஆதிக்கம் மேலும் வளர்ந்தது. 1948-ம் ஆண்டில் மரபியல் கல்வியே அந்நாட்டில் தடை செய்யப்பட்டது. 1965-ல்தான் அவர் பதவி நீக்கப்பட்டார். உண்மையான ஒரு சிறு கண்டுபிடிப்பை அதிகாரம் தழுவிக்கொண்டு, கேள்வி கேட்பாரை ஒழித்ததால் விளைந்த கேடு இது.

மீண்டும் சோதனைப் பாத்திக்கு

அதே ருஷியாவில் கெங்கெல் என்ற மற்றோர் ஆராய்ச்சியாளரும் இருந்தார். விதையை அளவாக நனைத்து, பழைய எடைக்கு உலர்த்தி, இவ்வாறு ஒருமுறையோ சில முறைகளோ செய்து விதைத்தால், வளரும் பயிர் வறட்சியைத் தாங்கும் என்பது அவர் கொள்கை. இதனை மேல்நாட்டார் எவ்வாறு வரவேற்றனர்? ருஷியர் சொன்னது ஆதலால் பொய் என்று தள்ளிவிடவில்லை. மேயும், மில்தார்ப் குடும்பத்தினர் இருவரும் சேர்ந்து அவருடைய சோதனைகளை ஒவ்வொன்றாக எடை போட்டு 1962-ம் ஆண்டில் ஒரு மதிப்புரை வெளியிட்டனர். சில இடங்களில் பயன் உண்டு, சில இடங்களில் இல்லை என்பதே சோதனைகள் காட்டிய நிலை. நியாயமான ஆராய்ச்சி பெரும்பாலும் இவ்வாறு அடக்கமாகத்தான் பேசும்.

பிறகு 1973-ம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹைடெக்கர் என்பவரும் அவர் தோழர்களும், விதை வேர் விடும் அளவுக்கு நீர் ஏறாதபடி தடுக்கும் கரைசலில் ஊறவைத்து உலர்த்தும் முறையை வெளியிட்டனர். இரண்டாவது நிலையிலேயே விதையை நிறுத்தி வைக்கும் தந்திரம் இது. கல்கத்தா சர்வகலாசாலையில் பாசு என்பவர், களஞ்சியத்தில் மூப்படைந்துகொண்டிருக்கும் நெல், கோதுமை விதைகளைச் சிறிது நேரம் நனைத்துத் திரும்ப உலர்த்தி வைத்தால், அவற்றின் முளைப்புத் திறன் நெடுநாள் நிற்பதைக் காட்டினார். வங்காளத்தின் ஈரக்காற்றில் விதை காக்க முயலும் ஏழை உழவனுக்கு இது பெரும் உதவி. ஆனால் அளவு மீறி ஊறிய விதையை உலர்த்தி வைத்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். சிறிது நனைந்த விதை தன்னைச் செப்பனிட்டுக்கொள்கின்றது. நெடுநேரம் நனைந்த விதை முளைக்கும் பாதையில் வெகுதூரம் சென்றுவிடுகின்றது. ஒரே செய்கை, அளவினால் மருந்தும் ஆகும், நஞ்சும் ஆகும்.

நம் மனத்தை மிகக் கவர்ந்தது 1990-களில் குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் நடந்த வேலையாகும். ஹாரிஸ் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளரும் அவரைச் சேர்ந்தோரும் அங்கிருந்த ஏழைக் குடியானவரிடம் சென்றனர். மக்காச்சோளம், மேட்டுநில நெல், கொண்டைக்கடலை ஆகியவற்றின் விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, மேல் ஈரம் போக உலர்த்தி, மறுநாள் விதைப்பதே அவர்கள் சொன்ன யோசனை. விலை கொடுத்து வாங்கவேண்டிய பொருள் எதுவும் இல்லை. எத்தனை மணி நேரத்திற்கு மேல் ஊறினால் விதைக்குக் கேடு என்பதை முன்னரே சோதித்து எல்லை வகுத்தனர். அவ்வெல்லைக்குள் நின்ற விதை, விதைக்க ஒரு நாள் தாமதித்தாலும் தானாக முளைத்துக் காய்ந்து கெடாது.

முடிவைக் கூறியது யார்? குடியானவரே. தம் நிலத்தில் ஒரு பகுதியில் ஊறிய விதையையும், அடுத்த பகுதியில் ஊறாத விதையையும் விதைத்து, தம் கண்ணாலேயே ஒப்பிட்டனர். ஊறிய விதை முந்தி முளைத்தது, முந்திப் பூத்தது, முந்தி அறுவடைக்கு வந்தது என்று அவர்களே கண்டனர். கட்டளையும் இல்லை, கேள்வித்தாளும் இல்லை, பயமும் இல்லை. வேண்டியவன் ஏற்றுக்கொண்டான், வேண்டாதவன் விட்டுவிட்டான்.

நாம் கொள்ளவேண்டியது

இவ்விஷயம் நம் நாட்டுக்கும் அப்பாற்பட்டதன்று. கெடா மாநிலத்து மூடா நீர்ப்பாசனப் பகுதியில், 1980-களில் நாற்று நடுவதை விட்டு நேராக விதைக்கும் முறை பரவியது. காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துவிட்டு மழையை எதிர்நோக்கும் வழக்கமும் அங்கு ஏற்பட்டது. ஒரு தூறல் விழுந்து நெல் உப்பி, வேர் விடுமுன் வானம் வெளுத்துவிட்டால் பெரும்பாலும் பழுதில்லை. வேர் விட்ட பின் நெடுநாள் வெளுத்தால் மறுவிதைப்பும் மறுகடனும் நேரும். இந்த நாட்கணக்கே ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை நிர்ணயிக்கின்றது.

நம் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன. தோட்டத்தை விட்டு நகரம் சென்றோரும் பலர். நெல்லுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அரிசிக்கடையோடு நின்றுவிட்டது என்று கருதுவோர் இருக்கலாம். ஆயினும் இச்சரித்திரம் உழவனுக்கு மட்டும் உரியதன்று. முன்னோர் சொன்னார் என்று ஒருவன் ஒன்றைக் கொண்டுவருவான்; மேல்நாட்டார் சொன்னார் என்று மற்றொருவன் வேறொன்றைக் கொண்டுவருவான்; சர்க்கார் உத்தரவு என்று மூன்றாமவன் வருவான். மூவரையும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: பக்கத்துப் பாத்தி எங்கே? ஊறிய விதையை மட்டும் காட்டி விளைச்சலைப் புகழ்பவனிடம், ஊறாத விதையின் விளைச்சலையும் காட்டு என்று கேட்கும் உரிமை யாவர்க்கும் உண்டு. அந்த உரிமையைப் பறித்த நாட்டில் அறிஞர் சிறையில் மடிந்ததையும், அதை மதித்த இடத்தில் எழுத்தறியாக் குடியானவரும் ஆராய்ச்சியாளராய் விளங்கியதையும் மேலே கண்டோம்.

வீட்டுப் பின்புறத்தில் சாண் அகல நிலமுடைய அன்பர்களும் இதனைச் செய்து பார்க்கலாம். சோள விதை இருபது எடுத்து, பத்தை ஓர் இரவு ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். பத்தை அப்படியே வையுங்கள். ஒரே நாளில், ஒரே மண்ணில், இரு வரிசையாக விதையுங்கள். எந்த வரிசை எந்நாளில் தலைகாட்டிற்று என்று பிள்ளைகளைக் கொண்டே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். நாம் இங்கு எழுதியது சரிதானா என்பதை அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு அவர்கள் சரிபார்ப்பார்களாக.